வெளியாளாகப் போய்ப் பார்த்த சட்ட நூலகம்

எனக்கு ஹட்டனில் தொழிற்சங்கக் காரியாலயத்தில் வேலை. தொழில் நியாயசபையில் தொழிலாளிக்காகச் சங்கப் பிரதிநிதியும் பேசலாம். ஆனால் தோட்டக் கம்பனியின் சட்டத்தரணி பழைய தீர்ப்பொன்றைத் தூக்கிப் போட்டால் முழித்துக்கொண்டு நிற்க முடியாதே! அதற்காகத்தான் மலைநாட்டிலுள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் சட்டப் பகுதிக்குப் போய் வருகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

வெளியாட்களை உள்ளே விடுகிறார்கள். காரியாலயக் கடிதமும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பையை வாசலில் வைக்க வேண்டும். இரவல் கிடையாது, உட்கார்ந்து வாசித்து விட்டு வர வேண்டியதுதான்.

அங்கே உண்மையான சொத்து தீர்ப்பறிக்கைகள்தான். என்.எல்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நியூ லோ ரிப்போர்ட்ஸ் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது; 1978இலிருந்து வரும் ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ் பக்கத்து ராக்கையில். பழைய தொகுதிகளின் தோல் அட்டை உதிர்ந்து, செம்மண் மாதிரி கையிலும் சட்டையிலும் அப்பிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள்.

இலக்கம் கையில் இருந்தால் வேலை சுலபம். 54 என்.எல்.ஆர். 433 என்றால் 54ஆம் தொகுதி, 433ஆம் பக்கம், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் இருப்பது கோடாக்கன் பிள்ளை வழக்கு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களின் வாக்கைப் பறித்தன. அது சுதந்திரத்தின்போது இருந்த அரசியலமைப்பான சோல்பரி யாப்பில், ஓர் இனத்துக்குப் பாகுபாடு காட்டும் சட்டத்தைத் தடுக்கும் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று வாதாடி, அந்தக் காலத்தில் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றோம். மேதின மேடைகளில் கேட்டே வளர்ந்த கதை. தீர்ப்பைப் பிரித்தால், அப்படியொன்றும் நீளமில்லை. இத்தனை பேரின் தலையெழுத்து இவ்வளவு அமைதியான ஆங்கிலத்தில் எழுதப்பட்டதா என்று கோபம்தான் வந்தது. அங்கே படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு தரமாவது எடுத்துப் பாருங்கள்.

இலக்கம் தெரியாமல் போனால் பாடுதான். கொம்பியூட்டரில் தேடினால் புத்தகத்தின் பெயர் வரும், தீர்ப்புக்குள் என்ன இருக்கிறது என்பது வராது. அப்போது மேசையில் இருக்கும் அம்மாவைப் பிடியுங்கள். "மல்லி, மொன கேஸ் எகத?" (தம்பி, எந்த வழக்கு?) என்று சிங்களத்தில்தான் கேட்பார். ஆனால் விஷயத்தைச் சொன்னால் பொருளட்டவணைத் தொகுதியை அவரே எடுத்து, விரலை வைத்துக் காட்டுவார். என் விஷயம் நாட்கூலிக் கொழுந்தெடுப்பாளி ஒருவரின் பணிக்கொடை, அதாவது வேலையை விட்டு நிற்கும்போது சேவைக்காலத்துக்குக் கிடைக்கும் தொகை. ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்பது சட்டம். இடையில் சேவை முறிந்ததா என்பதுதான் சண்டை. அம்மா இல்லாவிட்டால் அதற்குரிய தீர்ப்புகளை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். இன்னொன்று, பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். 1980ஆம் ஆண்டுச் சட்டத் திரட்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், வருடாந்தத் தொகுதிக்குப் போங்கள்.

தமிழ்தான் பெரிய குறை. சட்டங்கள் மூன்று மொழியிலும் அச்சாகின்றன, ஆனால் இங்கே தமிழ்த் தொகுதிகள் நடுவில் நடுவில் காணாமல் போயிருக்கின்றன. ஏன் என்று கேட்டால், "கேட்டு வருபவர்கள் இல்லை" என்கிறார்கள். ராக்கையில் இல்லாததை யார் கேட்டு வருவது?

போட்டோ கொப்பி மெஷின் ஒன்றே ஒன்று. அதைப் பார்ப்பவர் பகல் சாப்பாட்டுக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. போனில் படம் எடுக்க ஒருநாள் விடுவார்கள், மறுநாள் விடமாட்டார்கள். எல்லாம் மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே காலையிலேயே போய், கொப்பி வேலையை முதலில் முடியுங்கள். பரீட்சைக் காலத்தில் போகவே வேண்டாம், கதிரை கிடைக்காது. கன்டீனில் சோறு சீக்கிரம் முடிந்துவிடும், பிந்திப் போனால் ரோல்ஸும் பிளேன்டீயும்தான்.