பிடி டாக்ஸின்ல இருந்து புழு தப்பிக்கிறது எப்படி: என்சைமா, ரிசெப்டரா?

பிடி (Bt, பேசிலஸ் துரிஞ்சியன்சிஸ்) பாக்டீரியாவோட புரோட்டீன் அப்படியே விஷம் கிடையாதுங்க. புழு அதை தின்னதும் பிஹெச் 9, 10னு காரமா இருக்குற அதோட நடுக்குடல்ல கரைஞ்சு, டிரிப்சின் மாதிரி என்சைம்கள் 130 கிலோடால்டன் சைஸ் மூலக்கூறை பாதிக்கு பாதியா வெட்டினாத்தான் விஷமாகுது, அப்புறம் குடல் சுவர்ல இருக்குற ரிசெப்டர்ல, அதாவது டாக்ஸின் வந்து ஒட்டுற புரோட்டீன்ல, ஒட்டி ஓட்டை போடும், புழு தின்றதை நிறுத்திடும்.

அப்போ தப்பிக்க ரெண்டு வழி. ஒண்ணு, வெட்டுற கத்தியையே தொலைச்சுடறது. தானியத்துல வர்ற இந்தியன் மீல் மாத்ல இதை 1997லயே காட்டிட்டாங்க, டாக்ஸினை வெட்டுற முக்கியமான என்சைமே அதைத் தாக்குப்பிடிச்ச புழுக்கள்ல இல்ல. ஆனா சாப்பாட்டை செரிக்கவும் அதே என்சைம்தானே வேணும், அதனால இது புழுவுக்கு காஸ்ட்லியான வழி. ஏற்கனவே வெட்டின டாக்ஸினை குடுத்தா புழுவோட இந்த எதிர்ப்பு நல்லாவே குறைஞ்சிடும்.

இன்னொண்ணு, ரிசெப்டரை மாத்திக்கிறது. நம்ம பருத்தியில இளஞ்சிவப்பு காய்ப்புழு பண்ணினது இதுதான், ரிசெப்டரா இருக்குற கேட்ஹெரின் புரோட்டீனோட ஜீன்ல கோளாறு. 2002ல இந்த டாக்ஸினை செடியே தயாரிக்கிற மாதிரி ஜீன் சேர்த்த பிடி பருத்தி வந்துச்சு, 2010க்குள்ள குஜராத்ல அதுல இருக்குற க்ரை1ஏசிங்கிற பிடி டாக்ஸின் வேலை செய்யலன்னு சொல்லிட்டாங்க. வெளியில பச்சையா நல்லா தெரியுற காயை பிளந்தா உள்ள பஞ்சு கறை பிடிச்சு, விதைக்குள்ள தலையை விட்டுட்டு புழு படுத்திருக்கும், பாக்கவே வயிறு எரியும்.

என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் ஆபத்து. டாக்ஸினை வெட்டிக் குடுத்தாலும் ஒட்ட இடமே இல்லையே, வேற ரிசெப்டர்ல ஒட்டுற டாக்ஸின்தான் தேடணும்.