தன்மையான ஆளா, நயமான பேச்சா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது "தன்மையான பையனுங்க" என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. "நயமாப் பேசுவாருங்க" என்று வந்தால் இன்னும் இரண்டு வீடு ஏறி இறங்குவார்கள்.

இரண்டுமே இதமாகப் பழகுவதைக் குறிப்பவைதான். ஆனால் தன்மை என்றால் குணம். அதனால் ஆளோடு ஒட்டும். நயமான என்பது பேச்சோடும் சரக்கோடும் ஒட்டும். தர்மபுரி மளிகைக் கடையில் நயம் புளி என்றால் கொட்டை, ஓடு, நார் நீக்கிய நல்ல புளி. அதே கடையில் "விலை நயமா இருக்கு" என்றால் மலிவு. (ஒரே சொல் உசத்திக்கும் மலிவுக்கும்!) "நயமான ஆள்" மட்டும் நாக்கில் வராது.

எதை எழுதுவது என்று குழம்பினால், பின்னால் "ஏமாத்திட்டாரு" சேர்த்துப் பாருங்கள். "நயமாப் பேசி ஏமாத்திட்டாரு" வழுக்கிக்கொண்டு வரும். "தன்மையாப் பேசி ஏமாத்திட்டாரு" என்றால் கேட்பவர், "அவரா?" என்பார். நயத்துக்குள் ஒரு காரியம் இருக்கிறது. எதிராளியிடம் ஏதோ ஆக வேண்டியிருக்கிறது. நயவஞ்சகம், நயபயம் என்ற கூட்டுச்சொற்கள் பிறந்ததும் அதனால்தான். தன்மைக்கு அப்படி ஒரு கூட்டாளி கிடையாது. மாங்காய் மண்டியில் "இன்னிக்கு பணம் வரலைங்க, செவ்வாக்கிழமை வாங்க" என்று முகம் சுளிக்காமல் சொல்பவர் தன்மையானவர். கொடுக்க ஒன்றுமில்லாதபோதும் அந்தக் குரல் மாறாது.

ஆகவே ஒருவருக்கு நற்சான்று எழுதும்போது கண்ணை மூடிக்கொண்டு "தன்மையானவர்" என்று போடலாம். "நயமாகப் பழகுவார்" என்று எழுதினால் பாராட்டே சந்தேகமாகிவிடும்.

நயத்துக்கும் இடம் உண்டு. கைமாற்றாகக் கொடுத்த பணத்தை "நயமாக் கேட்டு வாங்கு" என்கிறோம்; அங்கே காரியம் இருப்பது வெளிப்படை, குற்றமில்லை. கவிதை நயம், குரல் நயம் என்னும்போதும் சொல்லில் கறை இல்லை. குறள் 97-இல் வரும் நயனுக்குப் பரிமேலழகர் நீதி என்றே பொருள் சொல்கிறார். கறை படிந்தது ஆள் பழக்கத்தைப் பேசும் இடத்தில் மட்டும்தான். இளவட்டங்கள் பேச்சில் இந்தத் தொல்லையே இல்லை, "டீசன்ட்டான ஆளு" என்று முடித்துவிடுகிறார்கள். அது சட்டையைச் சொல்கிறதா குணத்தைச் சொல்கிறதா என்பதுதான் பிடிபடாது.