கிராஸ்பி ஜி-209: தலைக்கு மேல் தொங்கும் பாரத்துக்கு நான் நம்பும் ஷேக்கிள்

லைன் அரே, அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் ஸ்பீக்கர் வரிசையைத் தூக்கும்போது எல்லோர் கண்ணும் மோட்டார் மேல்தான் இருக்கும். சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் ஹாய்ஸ்டைத்தான் நாங்கள் மோட்டார் என்கிறோம். ஆனால் அந்த மோட்டாரையும், அரேயின் உச்சியில் அதைத் தாங்கும் சட்டமான பம்பரையும், மேலே பீமில் சுற்றிய ஸ்லிங் என்ற தூக்கு வாரையும் ஒன்றோடொன்று இணைப்பது ஷேக்கிள் என்ற கையளவு இரும்பு: வளைந்த உடம்பு, அதன் வாயைக் குறுக்கே மூடும் ஒரு பின். அதில் நான் எப்போதும் கேட்டு வாங்குவது கிராஸ்பியின் ஜி-209, திருகு பின் போட்ட, வளைவு அகன்ற போ ஷேக்கிள், 5/8 அங்குலம்.

எடை சுமார் 600 கிராம். 5/8 என்பது வளைவின் தடிமன். பின் 3/4 அங்குலம். டபிள்யூஎல்எல், அதாவது வேலையில் ஏற்றக்கூடிய உச்ச பாரம், 3.25 டன். அந்த எண் ஷேக்கிளின் உடம்பிலேயே புடைத்து நிற்கிறது, அழுக்குக் கையால் தடவினாலும் தெரியும். எழுத்து இல்லாத ஷேக்கிளை யார் கொடுத்தாலும் நான் தலைக்கு மேல் மாட்டுவதில்லை.

உடையும் பாரம் இதற்குக் குறைந்தது 6 மடங்கு. அதைக் கணக்கில் வைத்து "இன்னும் ரெண்டு பாக்ஸ் தாங்கும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் விழும் குலுக்கலுக்கும் தேய்மானத்துக்கும் ஒதுக்கி வைத்த இடம் அது. நாம் எடுத்துச் செலவழிக்க இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வளைவின் இரு பக்கமும் இரும்பை அடித்து உருவாக்கும்போதே பதியும் 45 டிகிரி குறிகள். பாரம் நேராக இழுக்காமல் பக்கவாட்டில் 45 டிகிரி சாய்ந்தால் டபிள்யூஎல்எல் 70 சதவீதமாகிவிடும், 90 டிகிரி என்றால் பாதிதான். பிரைடில், அதாவது ஒரே பாரத்தை இரண்டு சாய்ந்த கால்களில் தொங்கவிடும் கட்டு, கட்டும்போது இந்தக் கோணப் பார்வை கட்டாயம் வேண்டும். இரண்டு பீமிலிருந்து இறங்கும் கால்களுக்கு நடுவே 60 டிகிரி இருந்தால் ஒவ்வொரு காலும் பாரத்தில் 58 சதவீதம் சுமக்கும். 120 டிகிரிக்கு விரித்தால் ஒவ்வொரு காலிலும் முழுப் பாரம்! பாதிப் பாதியாகப் பிரியும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 120-ஐத் தாண்டவே கூடாது. இரண்டு கால்களும் வளைவுக்குள் உட்கார வேண்டும், பின் மேல் அல்ல.

குறை என்றால், முதலில் அந்தத் திருகு பின். ஸ்லிங் பின் மேல் உரசி நகர்ந்தால் பின் மெல்லக் கழன்றுகொள்ளும். நிரந்தரமாக மாட்டி விட்டுப்போகும் ஸ்பீக்கர்களுக்கு போல்ட், நட், நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் உள்ள ஜி-2130 வாங்குங்கள். அப்புறம், கால்வனைஸ் பூச்சு மேடை விளக்கில் பளபளக்கும். அது கண்ணை உறுத்தினால் கருப்புப் பூச்சு வகையும் கிடைக்கிறது.

பின்னை முழுதாக முடுக்கிவிட்டுக் கால் சுற்று திருப்பி விடும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னின் தோள், பின் நுழையும் ஓட்டையுள்ள முனையான காதில் நன்றாகப் படிந்து நிற்க வேண்டும். பின் தொலைந்துவிட்டால் கையில் கிடைத்த போல்ட்டைப் போடாதீர்கள், ஷேக்கிளையே மாற்றுங்கள். எந்த இடத்திலாவது மூல அளவில் 10 சதவீதம் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான்.

ஊர் ஊராகப் போகும் சவுண்ட் குழுவுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். வாங்கும்போது ஒவ்வொன்றின் பின்னையும் விரலால் கடைசிவரை திருகிப் பாருங்கள். நடுவில் சிக்கினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.