சம்பளம் இல்லாதவர்களுக்கு என்பிஎஸ்: கணக்கு நல்ல கணக்கு, வரிச் சலுகைதான் கிடையாது

வேலைக்குப் போகாத பெண்கள் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கு தொடங்க முடியுமா என்று எங்கள் அபார்ட்மெண்டில் தமிழ்க்காரத் தோழிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். முடியும். 2009 மே மாதத்திலிருந்து எல்லாக் குடிமக்களும் சேரலாம். படிவத்தில் தொழில் என்று கேட்கும் இடத்தில் இல்லத்தரசி என்றே ஒரு தேர்வு இருக்கிறது.

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் முதலில் விசாரித்தேன். கவுண்டரில் இருந்தவர், "வீட்டுக்காரர் சேலரி ஸ்லிப் கொண்டு வாங்க மேடம், அவர் பேர்லயே போட்டா டேக்ஸும் மிச்சம்" என்றார். எனக்கு வேண்டியது என் பெயரில் ஒரு பென்ஷன் என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை, கடைசியில் ஏதோ இன்சூரன்ஸ் பாலிசி நோட்டீஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். வங்கிக்கு அலையவே வேண்டாம். ஆன்லைனில் ஆதார், பான், வங்கிக் கணக்கு, நாமினி விவரம் இருந்தால் போதும், பிரான் என்கிற 12 இலக்கக் கணக்கு எண் வந்துவிடும். தொடங்க 500 ரூபாய், அப்புறம் வருஷத்துக்குக் குறைந்தது 1,000. நான் மாதாமாதம் வீட்டுச் செலவில் மிச்சம் பிடிப்பதைப் போடுகிறேன். பங்குச் சந்தையில் எவ்வளவு போக வேண்டும் என்பதை நாமே சொல்லலாம், இல்லை வயதுக்கு ஏற்றபடி தானாகவே மாறும் ஆட்டோ சாய்ஸை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்டோவே சரியாக இருக்கிறது.

இப்போது வரி. இங்கேதான் ஏமாற்றம். வருமான வரியில் 80சிசிடி(1பி) என்ற பிரிவில் என்பிஎஸ்ஸுக்குக் கிடைக்கும் 50,000 ரூபாய்க் கழிவு, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வருமானத்தில்தான் கழியும், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். எனக்கு வருமானமே இல்லை, எதில் கழிப்பது? பணம் கொடுத்தது கணவர் என்றாலும் என் கணக்கைக் காட்டி அவரும் கழிக்க முடியாது. இத்தனைக்கும் பழைய முறையில் மனைவி பெயரில் பிபிஎஃப் (பொது சேமநல நிதி) போட்டால் கணவருக்கு 80சி பிரிவில் கழிவு உண்டு, 2025 பட்ஜெட்டில் பிள்ளைகளின் என்பிஎஸ் வாத்சல்யாவுக்குக்கூட பெற்றோருக்குக் கழிவு கொடுத்தார்கள். மனைவியின் பென்ஷனுக்கு மட்டும் இல்லை. இது நியாயமே இல்லை.

லண்டனில் இருக்கும் என் சித்தி மகளும் வேலைக்குப் போகவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறாள். அங்கே சம்பளம் இல்லாதவரும் பென்ஷனில் வருஷத்துக்கு 2,880 பவுண்டு வரை போடலாம், அதற்கு அரசாங்கம் 720 பவுண்டு சேர்த்து 3,600 ஆக்கிவிடும். அவள் ஒரு பைசா வரி கட்டாவிட்டாலும் இது உண்டு, 75 வயது வரைக்கும். பணத்தைக் கணவரே போட்டாலும் சரிதான். வீட்டு வேலையிலேயே ஆயுள் கழியும் நம் பெண்களுக்கு இதில் கால்வாசியாவது ஒரு அரசு செய்யலாம் என்று மனசார நினைக்கிறேன்.

சலுகை இல்லாவிட்டாலும் கணக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே வளரும் பணத்துக்கு வருஷா வருஷம் வரி கிடையாது. கணவர் கொடுத்த பணத்தை உங்கள் பெயரில் எஃப்டி போட்டால் வட்டி அவருடைய வருமானத்தில் சேர்ந்துவிடும், அந்தத் தொல்லை நிறைய வீடுகளில் தெரிவதே இல்லை. 60 வயதில் சேர்ந்த தொகையில் 60 சதவீதம் வரை வரியில்லாமல் எடுக்கலாம். ஒரு பங்கைக் கட்டாயம் மாதப் பென்ஷனாக மாற்ற வேண்டும். அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு அந்தப் பங்கை 2025 டிசம்பரில் 40 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். நடுவில் அவசரம் என்றால் மூன்று வருஷம் கழித்து, நாம் கட்டியதில் 25 சதவீதம் வரை, படிப்பு, கல்யாணம், வைத்தியம் போன்ற காரணங்களுக்குத்தான் தருவார்கள். அதனால் அவசரத்துக்கு வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள்.

வயது 40-க்குள், வருமான வரி கட்டுபவர் இல்லை என்றால் மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தையும் பாருங்கள். 30 வயதில் சேர்ந்து மாதம் 577 ரூபாய் கட்டினால் 60-லிருந்து மாதம் 5,000 ரூபாய் உத்தரவாதம், நமக்குப் பிறகு கணவருக்கும் அதே தொகை வரும். விலைவாசிக்கு ஏற்ப அது ஏறாது என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. என்பிஎஸ்ஸில் உத்தரவாதம் இல்லை, ஆனால் வளர இடம் இருக்கிறது. கட்ட முடிந்தவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுதான் முடியும் என்றால் 35-க்குக் கீழே இருப்பவர்களுக்கு நான் என்பிஎஸ்ஸையே சொல்வேன்.