அறுந்த தசைநாணுக்குச் சத்திரசிகிச்சை: கண்டி அரச வைத்தியசாலை ஒன்றில் பெற்ற சேவை

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துச் சாக்கு இறக்கும்போது, நழுவி விழுந்த சாக்கைத் தாங்கிப் பிடித்த என் அண்ணனுக்கு, மேற்கையின் இருதலைத் தசையை முன்கையின் ஆரை எலும்போடு இணைக்கும் தசைநாண் முழங்கையருகே அறுந்துவிட்டது. கையை மடக்க வேறு தசைகளும் துணைநிற்பதால் இக்காயத்தைச் சுளுக்கென்று எண்ணிவிடுவது எளிது. முதலில் காட்டிய இடத்தில் களிம்பு மட்டுமே கொடுத்தனுப்பினார்கள். உண்மையில் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் பலமே பெரிதும் குறைகிறது. நாட்கள் செல்லச் செல்ல நாண் மேலே சுருங்கிவிடுவதால், இரண்டு மூன்று வாரங்களுக்குள் பொருத்திவிடுவதே நல்லது.

கண்டியில் எலும்பியல் நிபுணர் அண்ணனின் முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேலே திருப்பச் செய்து, வெளிப்பக்கமிருந்து தம் சுட்டுவிரலைக் கொக்கிபோல் வளைத்து நாணைத் தேடினார். நல்ல கையில் கயிறுபோல் விரலில் சிக்கிய நாண், மற்றக் கையில் அகப்படவேயில்லை. ஸ்கேன் அதை உறுதிசெய்த பின்னர் தாமதமின்றிச் சத்திரசிகிச்சை நடந்தது. எலும்பில் பதிக்கும் நங்கூர ஆணியை மட்டும் வெளியில் வாங்கித் தரவேண்டியிருந்தது. மற்ற அனைத்தும் இலவசம். முன்கையின் வெளிப்புறம் சில காலம் மரத்திருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்ததால், அது நேர்ந்தபோது நாங்கள் பயப்படவில்லை.

என் மனமார்ந்த பாராட்டு இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கே உரியது. கினிகத்தேனை வளைவுகளில், நெரிசலான பஸ்ஸில், கட்டுப்போட்ட கையுடன் ஹட்டனிலிருந்து வருவது எவ்வளவு சிரமம் என்பதைக் கேட்டறிந்த அவர்கள், வருகைகளைக் குறைத்து, வீட்டில் செய்யவேண்டியவற்றை அண்ணிக்கும் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சிக்குரிய கட்டம் வந்தபோது, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, அகப்பையைப் பிடித்து உள்ளங்கையை மெதுவாக மேலும் கீழும் திருப்பச் சொன்னார்கள். வேறு கருவி எதுவும் வாங்கவேண்டியிருக்கவில்லை.

நோயாளர் விடுதியில் (வார்டில்) குறை இருந்தது. “பாரம் தூக்கவேண்டாம்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நாளெல்லாம் சாக்குத் தூக்குபவருக்குத் தண்ணீர் வாளி பாரமாகத் தோன்றாது. தொடக்க வாரங்களில் தேநீர்க் கோப்பைக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது, பலப்பயிற்சி ஏறக்குறைய மூன்று மாதங்களுக்குப் பிறகே, கடும் வேலைக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும் என்றெல்லாம் விளக்கியது இயன்மருத்துவரே. நாட்சம்பளக்காரர்கள் இலேசான வேலைக்கான வைத்தியக் கடிதத்தை விடுதியை விட்டு வெளியேறும் முன்னரே கேட்டுப் பெறவேண்டும். கேட்காதவரை எங்களுக்கு அதைத் தரவில்லை.