மில் கணக்கு முடித்த கையோடு "மலேசியா விசா" வாங்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மில் வேலை போனவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இதை நிதானமாகப் படியுங்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி பணம் கைக்கு வந்த வாரமே ஏஜெண்டுகள் வீடு தேடி வருகிறார்கள். பர்மா, மலேயா என்று போய்வந்த மண் இது. மலேசியா என்றதும் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

சமீபத்தில் ஏமாந்தவர் ஸ்பின்னிங்கில் 14 வருடம் ஓடியவர். குடோன் வேலை, மாதம் 45,000, மொத்தச் செலவு 1,40,000 என்றார்கள். முதல் நாளே பாஸ்போர்ட்டும் 50,000 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு தாள்: "அண்ணே, விசா வந்துருச்சு, நாளன்னைக்கு ஃபிளைட்." மீதி 90,000 வேறு யாரோ ஒருவர் பெயரிலுள்ள கணக்குக்குப் போனது. அதற்காக வீட்டம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

அந்தத் தாள் விசாவே இல்லை, மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை. போகிறவர் யாரும் போய்ச் சேரும் முன் 3 நாளுக்குள் இணையத்தில் தாமே நிரப்பலாம், காசு கிடையாது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே அங்கே போகலாம். அது சுற்றிப் பார்க்க மட்டும். அதை வைத்து வேலை செய்தால் குற்றம். முதலாளி சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவே பயப்பட வேண்டியிருக்கும், பிடிபடுவது தொழிலாளியாகவே இருக்கலாம்.

"டூர் போறேன்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுத்து, ஓட்டல் புக்கிங் தாளையும் கையில் திணித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். மேலே சொன்ன ஸ்பின்னிங் தொழிலாளியைத் திருச்சி விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். ஏஜெண்ட் சொன்ன பதில்: "நீங்கதான் தப்பா பேசிட்டீங்க, பணம் திரும்பாது." இந்தப் பதிலை அவர்கள் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிறார்கள்.

பத்தாவது முடிக்காதவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை. அவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போக, முதலாளியின் ஒப்பந்தம், வேலை விசா, குடிபெயர்வு அனுமதி மூன்றும் வேண்டும். அந்த அனுமதியோடுதான் 10 லட்ச ரூபாய் காப்பீடு வரும். இரண்டு வருடத்துக்கு பிரீமியம் வெறும் 275 ரூபாய். டூரிஸ்டாகப் போய் மிஷினில் கை போனால் அந்தக் காப்பீட்டில் ஒரு பைசா வராது.

ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி.; ரசீதும் தரவேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர், முகவரி, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். "சென்னை கம்பெனி லைசென்ஸ்ல நாங்க சப்-ஏஜெண்ட்" என்பது செல்லாது. தளத்தில் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டைக் காட்ட மட்டும் செய்யுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் வாட்ஸ்அப் பேச்சை அழிக்க வேண்டாம். பேங்க் ஸ்டேட்மெண்டோடு சிவகங்கை எஸ்.பி. அலுவலகத்திலும், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் போனதும் ஏஜெண்ட் பாதிப் பணத்தோடு வந்து, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார். பாஸ்போர்ட்டும் முழுப் பணமும் கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.