குவேக் 3 அரீனா: துப்பாக்கி, தோட்டா கிடைக்கும் கணக்கு – நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

குவேக் 3 என்ற சுடும் கணினி விளையாட்டில், ஒரு மேப்பில் (ஆட்டக் களத்தில்) ரெயில்கன் என்ற துப்பாக்கியை வைத்திருப்பவர் மட்டுமே ஜெயிக்கிறார் என்றால், "அதன் டேமேஜை (அது தரும் சேதத்தை) குறை" என்பதுதான் முதல் குரலாக வரும். அதற்கு நிரலையே மாற்றி மாட் (விளையாட்டின் மாற்றிய பதிப்பு) ஆக்க வேண்டும். அத்தனை பாடு தேவையில்லை. துப்பாக்கி எத்தனை விநாடியில் திரும்ப வருகிறது, எடுத்தால் எத்தனை தோட்டா ஏறுகிறது என்ற இரண்டைச் சரிசெய்தாலே பெரும்பாலான மேப்கள் ஒழுங்காகிவிடும். மூல நிரல் 2005-லேயே வெளியாகிவிட்டதால் இதில் ஊகிக்க எதுவும் இல்லை.

தோட்டாவை எண்ணிக்கையாகப் பார்க்காமல் டேமேஜாகக் கணக்கிடுங்கள். லைட்னிங் கன் (மின்னல் துப்பாக்கி) ஒரு குண்டுக்கு 8 டேமேஜ், விநாடிக்கு 20 குண்டு. மேப்பில் கிடைக்கும் அதன் தோட்டாப் பெட்டியில் 60 இருக்கிறது. ஒன்றுகூடத் தவறாமல் பட்டாலும் 480தான், அதுவும் 3 விநாடியில் தீர்ந்துவிடும். ராக்கெட் பெட்டியில் 5, நேரடியாகப் பட்டால் 500. ரெயில்கன் பெட்டியில் 10, அதாவது 1000! பெட்டிகள் எல்லாமே 40 விநாடிக்கு ஒருமுறைதான் வரும். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு இரண்டு மடங்கு வித்தியாசம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய தோட்டாவின் உச்சவரம்போ எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே 200. லைட்னிங்கில் 200 என்பது 10 விநாடிச் சுடுதல். ரெயில்கன் 1.5 விநாடிக்கு ஒரு முறைதான் சுடும் என்பதால் அதே 200 ஐந்து நிமிடம் தாங்கும். ரெயில்கன் ஆதிக்கத்தின் வேர் இங்கேதான்.

இனி எடுக்கும் விதி. ஃப்ரீ ஃபார் ஆல் (எல்லோரும் தனித்தனியாக மோதுவது), டூயல் (ஒருவருக்கு ஒருவர்) இரண்டிலும் ரெஸ்பான் ஆன (திரும்ப வந்த) ராக்கெட் லாஞ்சரை எடுத்தால், கையிருப்பு 10-க்குக் கீழே இருந்தால் 10 வரை நிரப்பும். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒரே ஒரு ராக்கெட் மட்டும் கூடும். அருமையான விதி, துப்பாக்கி மேலேயே நின்று குவிக்க முடியாது. டீம் டெத்மேட்சில் (அணிகளாகப் பிரிந்து மோதும் ஆட்டத்தில்) இந்தத் தடை கிடையாது, ஒவ்வொரு முறையும் முழு 10. அதனால்தான் அங்கே துப்பாக்கி 5 விநாடிக்குப் பதில் 30 விநாடிக்கு ஒருமுறை வருகிறது, ஆரம்ப மெஷின்கன் தோட்டாவும் 100-லிருந்து 50 ஆகிறது.

பலர் கவனிக்காத ஓட்டை, செத்தவர் கீழே போடும் துப்பாக்கி. கடைசி ஒரு ராக்கெட்டோடு செத்தாலும், கீழே விழும் லாஞ்சரில் முழு 10 இருக்கும்; எந்த வகை ஆட்டமானாலும் எடுப்பவருக்கு அப்படியே சேரும். கொன்றவர்தான் பக்கத்தில் நிற்பார், அவருக்கே போகும். முன்னணியில் இருப்பவர் மேலும் முன்னேறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கையில் மெஷின்கன்னோடு செத்தால் எதுவும் விழாது. அதனால் சாகப்போகிறோம் என்று தெரிந்தால் மெஷின்கன்னுக்கு மாறுவது நல்ல பழக்கம்.

அமைப்புக்கு வருவோம். ஜி_வெப்பன்ரெஸ்பான் (இயல்பு 5), ஜி_வெப்பன்டீம்ரெஸ்பான் (இயல்பு 30) என இரண்டு சர்வர் மாறிகள் (துப்பாக்கி திரும்ப வரும் விநாடியைக் குறிக்கும் அமைப்புகள்). இரண்டாவது டீம் டெத்மேட்சுக்கு மட்டும். கொடி பிடிக்கும் ஆட்டத்தில் அதை மாற்றிவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்று தலையைச் சொறிவதில் பயனில்லை, அங்கே முதல் மாறிதான் வேலை செய்யும். டூயலில் 5-ஐத் தொடாமல் விடுவதே மேல். ஃப்ரீ ஃபார் ஆலில் 30 வைத்தால் டீம் ஆட்டம் போல ஆகாது. 10 வரை நிரப்பும் விதி அப்படியே இருப்பதால் இரட்டைப் பஞ்சம் வரும், புதிதாகப் பிறந்தவர் மெஷின்கன்னோடு அலைவார். இரண்டுக்கு இரண்டு டீம் ஆட்டத்தில் சின்ன மேப்புக்கு 15 விநாடி நன்றாகப் பொருந்துகிறது. 30 என்றால் துப்பாக்கிகளைச் சுற்றி ஓடி ஒரே அணி எல்லாவற்றையும் அள்ளிவிடும். தோட்டா 200 நிறைந்திருந்தாலும் துப்பாக்கியை எடுக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம். தேவையில்லாமலேயே எடுத்து எதிரிக்கு இல்லாமல் செய்யலாம். பெட்டியை மட்டும்தான் நிறைந்தபின் எடுக்க முடியாது.

ஒரே துப்பாக்கிதான் பிரச்சினை என்றால் சர்வர் மாறியைத் தொடாதீர்கள். மேப் எடிட்டரில் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்து 'வெயிட்' சாவியில் (அந்தப் பொருளின் ஓர் அமைப்புப் புலம்) விநாடியும் 'கவுன்ட்' சாவியில் தோட்டா எண்ணிக்கையும் கொடுக்கலாம். ரெயில்கன் பெட்டிக்கு கவுன்ட் 5 போட்டால் அது ராக்கெட் பெட்டிக்குச் சமமாகிறது; முதலில் செய்ய வேண்டியது இதுதான். போதவில்லை என்றால் துப்பாக்கிக்கு வெயிட் 15. கவுன்ட் -1 என்றால் வெறும் துப்பாக்கி மட்டும் கிடைக்கும், தோட்டா வராது. திரும்ப வரும் நேரத்தைத் தற்செயலாக மாற்றும் 'ராண்டம்' சாவியும் உண்டு. போட்டி ஆட்டத்துக்கு வேண்டாம், நேரம் கணிப்பவரின் திறமையை அது வீணடிக்கும். மேப்பின் மூலக் கோப்பு இருந்தால், பொருள்களை மட்டும் மாற்றும் 'ஒன்லிஎன்ட்ஸ்' தேர்வோடு கம்பைல் செய்தால் போதும், ஒளியமைப்பை மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. புதுப் பெயரில் சேமியுங்கள். பழைய பெயரிலேயே விட்டால் பழைய கோப்பு வைத்திருப்பவர்களோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.